வயரைப் பிடுங்கியது யார்?

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அந்த வீட்டை விட்டு நாம் வெளியே வந்தபோது, டிரைவர் கேம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து "வாடா, வாடா" என்று டிவி திரையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். திரை மசியவில்லை. 'இணைக்க முடியவில்லை' என்ற ஒரே பதிலை மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தது. இந்த வாரமும் அதே பதில்தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. டிரைவர் லாரி ஓட்டுகிறவர். கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறார். ஒரே மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். அவன் போனதற்குக் காரணமும் இதே பெட்டிதான். நண்பர்களோடு நெட்டில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தவனின் கண்ணெதிரிலேயே அப்பா வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். "வேலைவெட்டி இல்லாதவனுக்குப் பந்தயம் ஒரு கேடா?" என்று நண்பர்கள் காதில் விழுகிற மாதிரி கத்திவிட்டுத்தான் பிடுங்கினார். மறுநாள் காலையில் பையன் பெட்டியை விட்டுவிட்டுத் துணிமணிகளோடு கிளம்பிவிட்டான்.

கால் உடைந்த மனிதர் பொழுது போகாமல் அந்தப் பெட்டியைத் தொட்டதும், அதில் லாரி ஓட்டுகிற ஆட்டம் ஒன்று இருந்ததும், ஒரு சாயங்காலம் பக்கத்து லேனில் வந்து நின்ற லாரியிலிருந்து "யாரு என் பேர்ல ஓட்டறது?" என்று மகனின் குரல் கேட்டதும் பழைய கதை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து லாரி ஓட்டினார்கள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "லெஃப்ட்ல எடுங்க", "பிரேக் போடுறா", அவ்வளவுதான் மொத்தப் பேச்சும். சமையலறையில் நின்று அந்த நாலு வார்த்தையைக் கேட்டு, பாத்திரத்தைக் கழுவாமல் குழாயைத் திறந்து விட்டபடி அழுதவள் வக்கீலம்மா.

வக்கீலம்மா எந்தக் கோர்ட்டுக்கும் போனவள் இல்லை. அப்பாவிடம் மகனுக்காகவும், மகனிடம் அப்பாவுக்காகவும் வாதாடி வாதாடி வாங்கிய பட்டம் அது. பிழைப்புக்கு அவள் செய்வது வேறு வேலை. அந்த வீட்டுக்கு நெட் கொடுக்கிற கம்பெனியிலேயே, வாடிக்கையாளர் சேவையில் போன் எடுக்கிறாள்.

இன்று காலை அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசை மேல் கேம் பெட்டி குடலும் ஈரலுமாகக் கிடந்தது. டிரைவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு பல் தேய்க்கிற பிரஷ்ஷால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"நீதானே சொன்ன, பெட்டியில கோளாறா இருக்கும்னு."

"இருக்கும்னுதான் சொன்னேன். பிரிச்சு மேயுங்கன்னு சொன்னேனா? அது யார் பிரஷ்?"

"என்னோடதுதான். பயப்படாதே." துடைத்த பாகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "லாரி இன்ஜினையே நடுரோட்டுல பிரிச்சு மாட்டினவன் நான். இதுல ஒண்ணும் இல்ல வக்கீலம்மா. பெட்டி தங்கமா இருக்கு. டிவி ஓடுது, போன் ஓடுது. இது ஒண்ணை மட்டும் உள்ள விடமாட்டேங்குது."

"உங்க போன்ல இருந்து நெட் கொடுத்துப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இந்த வீட்டுச் சுவத்துக்குள்ள சிக்னல் எங்க வருது? லாரி ரெண்டடி போகுது, நின்னுக்குது."

அவள் ரொட்டியை டப்பாவில் அடைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்து சில நாட்கள் ஆகியிருந்தன. பெட்டி ஓடிக்கொண்டிருந்த வாரங்களில், திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தன் முகம் தெரியாது என்று தெரிந்தும், சாயங்காலமானால் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்த மனிதர் அவர்.

"அவன் என்ன நினைச்சுட்டு இருப்பான்?" என்றார் டிரைவர், திருகாணியைப் பார்த்தபடி. "நான் மறுபடியும் வயரைப் பிடுங்கிட்டேன்னு நினைப்பான். வேற என்ன நினைப்பான்?"

"நான் போன் பண்ணிச் சொல்றேன்."

"நீ சொன்னா நம்புவானா?"

வக்கீலம்மா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். நம்ப மாட்டான். அதற்குக் காரணம் அவளேதான். அன்று வயர் கையில் தொங்க அப்பா நின்றபோது, ஓடி வந்த அவள், சண்டை முற்றக் கூடாதே என்ற பதற்றத்தில், "கரெண்ட் போயிடுச்சு கண்ணா" என்று சொல்லித் தொலைத்தாள். தலைக்கு மேலே ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மகன் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் அப்பா பேச்சை எடுத்தால் போதும், "ஃபேன் சுத்துதும்மா" என்பான். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

"கம்பெனிக்காரன் வாயால சொல்லணும்," என்றார் டிரைவர். "கோளாறு எங்கன்னு அவன் சொல்லட்டும். அதை அனுப்பினா நம்புவான்."

"நானும் கம்பெனிதானே?"

"நீ வீட்டுக்காரி. கம்பெனி வேற."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள அதை ஒழுங்கா மூடி வைங்க, மேசையில சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டு அரக்கப்பரக்கக் கிளம்பினாள்.

*

அலுவலகத்தில் ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன்பே டீம் லீடர் எல்லாரையும் தண்ணீர் கேன் பக்கம் கூப்பிட்டார். வயதில் அவளை விட மிகவும் சின்னவர். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் சங்கடமான விஷயத்தைச் சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவார்கள் இல்லையா, அதைச் செய்துகொண்டிருந்தார்.

"இதை மெயில்ல போட மாட்டேன், காதுல மட்டும் வாங்கிக்கோங்க. கேம் ஆடற பெட்டி ஓடலைன்னு கால் நிறைய வருது. இன்னும் வரும். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்துல உட்கார்றாங்க, லைன் தாங்கலை. அதனால மேலிடத்துல கேம் பெட்டிக்கு மட்டும் கதவைச் சாத்திட்டாங்க. எல்லா வீட்டு கனெக்‌ஷனுக்கும். அடுத்த மாசம் கேமிங் பிளான்னு தனியா ஒண்ணு வருது. அதை வாங்கறவங்களுக்குத் திறந்துடுவாங்க."

"அதுவரைக்கும் கேட்டா என்ன சார் சொல்றது?" என்று கேட்டாள் சுருட்டை. வக்கீலம்மாவின் பக்கத்து சீட்டுக்காரி. தலைமுடிக்காக வந்த பெயர்.

"உங்க சாதனத்துல கோளாறு, ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்கன்னு சொல்லணும்."

"ஆன் பண்ணியும் வரலேன்னா?"

"மறுபடியும் ஆஃப் பண்ணச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். வக்கீலம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பல் பிரஷ்ஷால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த அந்தப் பாகங்கள் கண் முன்னால் வந்தன. ஒரு கோளாறும் இல்லாத பெட்டியின் வயிற்றைக் கிழித்துப்போட்டு ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், இவர்கள் இங்கே கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் கலைந்ததும் டீம் லீடரைத் தனியாகப் பிடித்தாள்.

"சார், ஒரே ஒரு கனெக்‌ஷனுக்குத் திறந்துவிட முடியுமா? என் வீட்டுக்கு."

"என் கையில இல்லக்கா." குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்லயும்தான் வரலை. என் பொண்ணு என் கிட்ட முகம் கொடுத்துப் பேசி ரெண்டு நாளாச்சு. பெட்டி ரிப்பேர்னு நானே சொல்லிட்டு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சீட்டுக்குப் போனார்கள்.

காலை முழுக்க அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள். முதல் ஆளிடம் சொல்லும்போது நாக்கு தடுக்கியது. போகப் போகப் பழகிவிட்டது. பழகியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

மத்தியானம் சாப்பாட்டு அறையில் சுருட்டை டப்பாவைத் திறந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"அக்கா, நேத்து ஒரு பையன் கூப்பிட்டான். எனக்கு ராத்திரி பூரா மனசே சரியில்ல."

"திட்டினானா?"

"திட்டியிருந்தா பரவாயில்லையே. கனெக்‌ஷன் அவன் பேர்ல இருக்கு, ஆனா அவன் வேற ஊர்ல இருக்கான். வீட்ல கேம் பெட்டி ஆன்லைன் வரலை, ஏன்னு கேட்டான். நான் பார்த்தேன், மோடம்ல லைன் நல்லா வருது. அப்ப எனக்கு இந்தக் கதவு சாத்தின கதையெல்லாம் தெரியாதே அக்கா. லைன் ஓடுது சார், வீட்ல யாராவது அந்தப் பெட்டியைக் கழட்டி வச்சிருப்பாங்கன்னு சொல்லிட்டேன்."

வக்கீலம்மாவின் கையில் இருந்த ரொட்டி வாய்க்குப் போகவில்லை.

"அப்புறம், 'லைன் ஓடுதுன்னா வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?'னு கேட்டான். இதை என் கிட்ட கேட்டா நான் என்ன சொல்றது? ஆமா சார்ன்னேன். 'சரிங்க, புரிஞ்சுது. அப்ப அந்தக் கனெக்‌ஷன்ல இருந்து என் பேரை எடுத்துடுங்க'ன்னான். இன்னைக்குச் சாயங்காலம் எடுத்துடுவாங்க." சுருட்டை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா? என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. நீ சாப்பிடு."

எத்தனையோ பேர் கனெக்‌ஷனில் பெயர் மாற்றுகிறார்கள். ஆனால் "சரிங்க, புரிஞ்சுது" என்று கோபத்தை மென்று விழுங்குகிறவன் ஒருவன்தான். அந்தக் கனெக்‌ஷன், வேலை கிடைப்பதற்கு முன்னால் அவன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. வீட்டை விட்டுப் போன பிறகும் அந்த வீட்டில் அவன் பெயரில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் கத்தரித்துக்கொண்டு போகப்போகிறான்.

லாக்கருக்கு ஓடிப் போய் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். எடுத்தான்.

"கண்ணா, அப்பா ஒண்ணும் பண்ணலை. இங்க எங்க கம்பெனியிலதான்..."

"ஃபேன் சுத்துதும்மா." குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "வேலையில இருக்கேன். ஞாயித்துக்கிழமை பேசறேன்."

வைத்துவிட்டான். மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

*

நாலு மணிக்கு மேல் வந்த ஒரு அழைப்பில், திரையில் விழுந்த விலாசம் அவளுடைய வீட்டு விலாசமாக இருந்தது.

அவர்களுடைய வேலையில் சில விதிகள் உண்டு. சொந்தக்காரர் கூப்பிட்டால் உடனே வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும். வாடிக்கையாளர் வைக்கும்வரை நாம் போனை வைக்கக் கூடாது. பேசுவது எல்லாம் பதிவாகும். மேலே இருந்து யாராவது ஒட்டுக்கேட்டால் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு காது படம் வரும். மாற்றுகிற பொத்தான் விரலுக்குக் கீழேதான் இருந்தது. வக்கீலம்மா அழுத்தவில்லை.

"வணக்கம், வாடிக்கையாளர் சேவை. உங்களுக்கு எப்படி உதவலாம் சார்?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. கட்டின நாளிலிருந்து அவரை அவள் சார் என்று கூப்பிட்டதில்லை.

"மேடம்," என்றார் டிரைவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எங்க வீட்ல கேம் பெட்டி ஓடலைங்க. உங்க ஆளுங்க நாலஞ்சு பேர் கிட்ட பேசியாச்சு. எல்லாரும் அணைச்சுப் போடுங்கறாங்க. அணைச்சு அணைச்சு சுவிட்ச்சே தேஞ்சுபோச்சு."

"பெட்டியில..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

"பெட்டியைப் பிரிச்சும் பார்த்தாச்சு மேடம். வீட்டுக்காரி கிட்ட திட்டு வாங்கினதுதான் மிச்சம்."

"உங்க வீட்டுக்காரி திட்டினது நியாயம்தான் சார்."

"நியாயம்தாங்க. நான் இல்லேன்னு சொல்லல." பிறகு அவர் பேசிய குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. முதலாளியிடமோ போலீஸ்காரரிடமோ நடுரோட்டில் நின்று கேட்கிற மாதிரி, அடக்கமான குரல். "ஒரே ஒரு கேள்விங்க. பெட்டியில கோளாறா, வீட்ல இருக்கறவங்க யாராவது பிடுங்கிட்டாங்களா, இல்ல உங்க பக்கத்துல அடைச்சிருக்கீங்களா? இது மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் ரெக்கார்டு போட்டிருக்கேன் மேடம். முன்னாடியே சொல்லிடறேன்."

ரெக்கார்டு போடுவது லாரிக்காரர்களின் பழக்கம். லோடு பிடித்துக் கொடுக்கிற தரகர்கள் காலையில் ஒன்று சொல்லிச் சாயங்காலம் இன்னொன்று சொல்வார்கள் என்பதால், டிரைவர் போனில் பேசுவதை எல்லாம் பதிந்துதான் வைப்பார். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்தும் பதிகிறார் என்றால், யாருக்காக என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திரையின் ஓரத்தில் காது முளைத்தது.

அறையின் மறுகோடியில் டீம் லீடர் எழுந்து நின்றார். ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். வேண்டாம் என்று அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மாற்றிவிடு, மாற்றிவிடு என்று கையால் காட்டினார்.

வக்கீலம்மா வீராங்கனை இல்லை. டிரைவருக்குக் கால் கூடும்வரை வீட்டுக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். நாளைக்கு வேலை இல்லை என்றால் என்ன செய்வது என்று தெரியாது. இத்தனையும் அவளுக்கு அந்த ஒரு நொடியில் நன்றாகவே தெரிந்திருந்தது. அதோடு, தலைக்கு மேலே ஃபேன் சுற்றச் சுற்ற மகனின் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்தப் பொய்யும் தெரிந்திருந்தது. அந்தப் பொய்யைத்தானே காலையிலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"சார், உங்க பெட்டியில எந்தக் கோளாறும் இல்லை," என்றாள். "உங்க வீட்ல யாரும் எதையும் பிடுங்கலை. உங்க மோடம்ல லைன் நல்லா வருது, அது எனக்கு இங்க தெரியுது. கேம் பெட்டிக்கு மட்டும் எங்க கம்பெனிதான் அடைச்சு வச்சிருக்கு. உங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, எல்லா வீட்டுக்கும். இதை உங்க கிட்ட யாரும் சொல்லலை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னோம். அது தப்பு. மன்னிச்சுக்கோங்க."

அறையின் மறுகோடியில் டீம் லீடர் கையைக் கீழே போட்டார்.

"வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்?" எல்லாரிடமும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டுவிட்டாள்.

"இல்லம்மா. சாயங்காலம் சீக்கிரம் வந்துடு," என்று சொல்லிவிட்டு டிரைவர் போனை வைத்தார்.

பக்கத்தில் சுருட்டை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வாடிக்கையாளர் லைனில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். டீம் லீடர் மெதுவாக நடந்து வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்படிப் பண்ணிட்டீங்களே அக்கா."

"தெரிஞ்சுதான் சார் பண்ணினேன்."

"நான் மட்டும் கேட்டிருந்தா எப்படியாவது பூசி மெழுகியிருப்பேன். மேல இருந்தும் கேட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில மேனேஜர் ரூமுக்கு வரச் சொல்றாங்க." பொத்தானைத் திருகினார். "இன்னைக்கு ஹெட்செட்டைக் கழட்டிடுங்க. வீட்டுக்குப் போங்க."

கழற்றி மேசை மேல் வைத்தாள். காதில் அது அழுத்திய இடம் வலித்தது. இத்தனை வருடத்தில் அந்த வலியை அவள் கவனித்ததே இல்லை.

*

வீட்டுக் கதவைத் திறந்தபோது சாப்பாட்டு மேசை சுத்தமாக இருந்தது. கேம் பெட்டி டிவிக்குக் கீழே அதன் இடத்தில் மூடி வைக்கப்பட்டிருந்தது. மேசை மேல் ஒரு திருகாணி மட்டும் மிஞ்சிக் கிடந்தது. டிரைவர் அதைக் கையால் மறைத்தார்.

பஸ்ஸில் அவள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது.

"வேற யாருமே கிடைக்கலையா உங்களுக்கு? என் லைனுக்கா வரணும்?"

"காலையில பேசினவங்க எல்லாம் ஒரே பாட்டைப் பாடினாங்க. அதான் உன் லைனுக்கு வரணும்னு மத்தியானத்துல இருந்து போன் போட்டேன். வேற யாராவது எடுத்தா வச்சிடுவேன். உன் குரல் வர்ற வரைக்கும் போட்டுட்டே இருந்தேன்."

"என் வேலையைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?"

"நினைக்கலை." பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டார். "பையனைத்தான் நினைச்சேன்."

அவளால் அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. அவளும் அதைத்தானே நினைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். நாளைக் காலையில் மேனேஜர் அறை என்று சொன்னாள். மகன் கனெக்‌ஷனிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னதையும் சொன்னாள். டிரைவர் கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"அனுப்பிட்டீங்களா அவனுக்கு?"

"அனுப்பிட்டேன். கேட்டுட்டான்னு காட்டுது. பதில் இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அவளுடைய போன் இல்லை, அவருடைய போன். இரண்டு வருடமாக அந்தப் பெயர் அந்தத் திரையில் வந்ததில்லை. டிரைவர் அதைச் சூடான பாத்திரம் மாதிரி கைக்குக் கை மாற்றினார்.

"நீ எடு."

"உங்களுக்குத்தான் வருது. எடுங்க!"

ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார்.

"அப்பா."

"ம்."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. லாரி இருந்தால் லெஃப்ட், ரைட் என்று ஏதாவது சொல்லலாம். ரோடும் இல்லை, லாரியும் இல்லை. மகனோடு பேச எதுவுமே தெரியாத ஒரு மனிதர், ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார் கடைசியில்.

"இன்னும் இல்ல. கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

வக்கீலம்மாவுக்கு நடுவில் புகுந்து இரண்டு பேருக்காகவும் பேசிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"நேத்து உங்க மேல எனக்கு அப்படி ஒரு கோபம்ப்பா," என்றான் மகன். "பழையபடி ஆரம்பிச்சுட்டார், இனிமே இந்த ஆளோட பேச்சே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"இப்ப?"

"அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

"நம்பறியா?"

"அம்மா வீட்ல இருந்து சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். மத்தியானம் சொன்னாங்க, நம்பலை. ஆனா அந்தச் சீட்ல உட்கார்ந்து சொன்னாங்க பாருங்க... வேலை போகும்னு தெரிஞ்சுகிட்டு யாருப்பா பொய் சொல்லுவாங்க? என் பேரை எடுக்க வேணாம்னு சொல்லிட்டேன். அப்படியே இருக்கட்டும்."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார், போனுக்கு அது தெரியும் என்பது போல.

"ஆனா ஒண்ணுப்பா. நீங்க அனுப்பினதை நான் திறக்கறதுக்கு முன்னாடியே எங்க ஆபீஸ்ல ஒருத்தன் எனக்கு அதைப் போட்டுக் காட்டினான். 'கம்பெனிக்காரி உண்மையைச் சொல்லிட்டா'ன்னு. அவனுக்கு எப்படிப் போச்சு?"

வக்கீலம்மா தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"அது வந்து..." டிரைவர் குரல் தேய்ந்தது. "முதல்ல கை தவறி லாரிக்காரங்க குரூப்ல போட்டுட்டேன். அழிக்கறதுக்குள்ள பசங்க எடுத்துட்டாங்க."

"எத்தனை பேர் இருக்காங்க அந்தக் குரூப்ல?" என்றாள்.

"எண்ணினது இல்ல. எல்லா ரோட்லயும் இருக்காங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மேனேஜர் அறைக்கு அவள் போய்ச் சேர்வதற்கு முன்னால் அவள் குரல் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கும். அது அவளைக் காப்பாற்றுமா, ஒரேயடியாகக் கவிழ்க்குமா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அம்மா இருக்காங்களா?" என்றான் மகன்.

"இருக்கேன் கண்ணா. கேட்டுட்டுதான் இருக்கேன்."

"வேலை போயிடுமாம்மா?"

கரெண்ட் போயிடுச்சு கண்ணா என்று சொன்ன அதே வாய், ஒன்றும் ஆகாது கண்ணா என்று சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டது.

"போனாலும் போகும்," என்றாள். "நாளைக்குத்தான் தெரியும். எனக்குப் பயமா இருக்கு."

இந்த முறை அவன் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ நடமாடுகிற சத்தமும், ஒரு கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. தனியான இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"போச்சுன்னா இங்க வந்துடுங்க," என்றான். "என் ரூம் சின்னதுதான். பார்த்துக்கலாம்."

"சரி கண்ணா."

"நீங்க மட்டும் இல்லம்மா. ரெண்டு பேரும்."

டிரைவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலை எடுத்து, எங்கேயோ அவசரமாகப் போக வேண்டும் என்பது போல எழுந்து நின்றார். போவதற்கு அவருக்கு இடம் எதுவும் இருக்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.